வளையலோடு கிதார் கடைக்குப் போனேன்

கல்லூரியில் வாசித்து, கல்யாணத்தோடு விட்டுப்போன எலக்ட்ரிக் கிதாரை மறுபடி வாசிக்க என் மனைவிக்கு ஆசை. சொல்லாமல் வாங்கித் தந்து அசத்திவிட நினைத்து, அவளுடைய வளையல் ஒன்றை எடுத்துக்கொண்டு கோரிப்பாளையத்தில் ஒரு கிதார் கடைக்குப் போனேன். வளையல் கடையில் அதுதானே அளவு!

"இம்புட்டுச் சின்னக் கைதாங்க. கம்பி ஓடுற அந்த நெக், அகலம் கம்மியா உள்ளதாக் குடுங்க" என்றேன் பந்தாவாக.

கடைக்காரர் சிரிப்பை அடக்கக்கூட இல்லை. "அண்ணே, வளையலா வாசிக்கப்போகுது? விரலு வாசிக்கணும்ணே. அக்காவையே கூட்டிட்டு வாங்க."

மறுநாள் அசடு வழிய அவளை அழைத்துப் போனேன். அகலம் குறைந்த நெக்கில் ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் அவள் விரலில் பட்டு மக்கர் செய்தது. பிறகு அகலமானதை எடுத்து வாசித்தாள். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுதான் வசதியா இருக்கு. எனக்குச் சின்னக் கைன்னு யாரு சொன்னா?"

"நான்தான்."

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கையைப் பிடித்துத்தான் கோரிப்பாளையம் சிக்னலைக் கடக்கிறேன். அதற்கு எது வசதி என்று கேட்க, ஒரு கடைக்காரர் சொல்லித்தர வேண்டியிருந்தது.