கல்யாண கேசட்டில் அவர் குரல்

என் கணவர் விபத்தில் இறந்தபோது மகள் கைக்குழந்தை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், "அப்பா எப்படிம்மா பேசுவாரு?" என்று கேட்டாள். எங்கள் கல்யாண வீடியோ கேசட் நினைவுக்கு வந்தது. புதிதில் உறவுக்காரர்களின் கூச்சலுக்கு நடுவே ஒரே ஒருமுறை பார்த்தது.

ஊரே சிடிக்கு மாறியிருந்தது. பக்கத்து வீட்டு மூலையில் கிடந்த பழைய வி.சி.ஆரைக் கேட்டு வாங்கினேன். கேசட்டைப் போட்டதும் டேப் உள்ளே சிக்கிக்கொண்டது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினைக் கழற்றி மாட்டிப் பழகியவள் நான். மூடியைத் திறந்து டேப்பை அறுந்துவிடாமல் விடுவித்தேன். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது.

"இதையப் போயி எதுக்குங்க ரிப்பேரு பண்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே டிவி ரிப்பேர் கடைக்காரர் ஒரு பெல்ட்டைத் தேடிக் கொடுத்தார். அதை மாட்டி, டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் தெளிவாக வந்தது. அவர் தாலி கட்டினார். என் பக்கம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆனால் கேட்டது சினிமாப் பாட்டுதான். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கடைசிவரை பேச்சையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டையே போட்டிருந்தார் வீடியோக்காரர்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

"நெனப்பில்ல கண்ணு."

"பாட்டக் கொறச்சா கேக்குமாம்மா?"

அவளே போய் டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்தாள். காதைத் திரையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இன்றும் கல்யாண வீடுகளில் யாராவது வீடியோக்காரரிடம், "நல்ல பாட்டாப் போட்டுக் குடுங்க" என்று சொன்னால், என்னால் அங்கே உட்கார முடிவதில்லை.