கயலின் தாடைக்கு எந்தக் குறையும் இல்லை

இன்று மகள் கயலை ராமநாதபுரத்தில் பல் சீரமைப்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

வகுப்பில் யாரோ கேலி செய்ததிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். முன்பு பார்த்த மருத்துவரோ, தாடை முன்தள்ளி இருக்கிறது, நாலு பல்லைப் பிடுங்க வேண்டும் என்றிருந்தார்.

இவர் இளம்பெண். எக்ஸ்ரேயைக் கணினியில் போட்டார். தாடை அளவு சரியில்லை என்றே அதுவும் காட்டியது. கயலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுகாத தங்கம். இது வெள்ளைக்காரப் பிள்ளைகளை அளந்து வச்ச கணக்கு. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதடும் தாடையும் கொஞ்சம் முன்னாடிதான் இருக்கும். உனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. கோணப் பல்லுக்கு மட்டும் கம்பி போடுவோம். எதையும் பிடுங்க வேணாம்."

பிறகு மருத்துவர் தன் முகக்கவசத்தைக் கழற்றி, பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார். "எனக்கும் அப்படித்தான், பாத்தியா?"

கயல் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஊர் திரும்பும் சாயல்குடி பஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் என் தோளைத் தட்டினாள். "அய்யா, அங்கன பாருங்க, கண்டக்டர் மாமாவுக்கும் நம்ம தாடைதான்!"

ஊரில் உங்களை அவள் உற்றுப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தாடை எப்படி என்று இங்கே கமெண்டிலேயே சொல்லிவிட்டால் அவளுக்கு வேலை மிச்சம்.