ஐந்தருவிக் கைகள்

தென்காசியில் நான் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு வந்த அவருக்கு ஒடுங்கிய உடம்பு, பருத்த கைகள். பேசும்போதெல்லாம் விரல்களை நீவிக்கொண்டே இருந்தார். கழுத்தில் ஜெல் தடவியதும் சிரித்தார்.

"ஐந்தருவில ஊருக்கெல்லாம் நான் எண்ணெ தேய்க்கேன். இன்னைக்கு எனக்கே தடவுதிய!"

திரையில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்திருந்தது. எல்லாரிடமும் சொல்வதையே யோசிக்காமல் சொன்னேன். "கழுத்துல யாரையும் சொடக்கு எடுக்க விடாதிய. கொழுப்பு உடைஞ்சு மூளைக்குப் போயிரலாம்."

விரல்கள் நின்றன.

"வெளிய இருந்து பாத்தா தெரியுமாம்மா?"

"தெரியாது."

"கடைசில கழுத்தச் சொடுக்கித்தானே ஒவ்வொருத்தரையும் அருவிக்கு அனுப்புதேன்..."

துடைத்துக்கொள்ளக் காகிதம் நீட்டினேன். கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். அவர் கழுத்தை நானே துடைத்துவிட்டேன், முகத்தைப் பார்க்காமல்.