தவளைக்குப் போட்டி

இன்னொரு ஆள் மேல் பொறாமை என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்த ஞானப்பிரகாசத்துக்கோ தவளைகள் மேல் பொறாமை. அவர் மனைவி ரெஜினா பார்மசி கல்லூரி லேப் உதவியாளர். அபினிலிருந்து எடுக்கும் மார்பின் என்ற மருந்தைச் செலுத்தினால் தவளையின் இதயத்துடிப்பு எப்படி மெல்லக் குறைகிறது என்று, குவார்ட்டர்ஸுக்கு வந்தும் அதே பேச்சு.

"நான் ஷிஃப்ட் முடிச்சிட்டு இருமிக்கினு கெடக்கறேன். உனக்குத் தவளைதான் பெருசு!" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

ஒருநாள் அவருக்கே மாரடைப்பு வந்தது. வலி தாங்காமல் துடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் அதே மார்பின் ஊசியைப் போட்டார்கள். ரெஜினா அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு, கண்கொட்டாமல் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தவளையப் பாக்கற மாதிரியே பாக்கறியே!" என்று முனகினார்.

"தவளையப் பாக்கும்போது கை இப்படி நடுங்காதுங்க," என்றாள்.