பள்ளத்தின் குறுக்கே ஒரு கம்பி

பேய், சகுனம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். ஹெலிகாப்டர் ஓட்டியவனுக்குக் காற்றையும் கருவிமுள்ளையும் தவிர வேறெதையும் நம்பிப் பழக்கமில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

சில வருடங்களுக்கு முன்புவரை மலேசியாவில் ஜொகூர்ப் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் பூச்சிமருந்து தெளித்துக்கொண்டிருந்தேன். மர உச்சியை உரசுகிற உயரம்தான். கீழே மருந்து நிரப்புகிறவன் ரசாக், வடக்கே கிளந்தான் மாநிலத்துக்காரன். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது, எங்கள் பேச்செல்லாம் மலாய்தான், என்னை 'பாங்', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். விடியலில் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டே ஏதாவது பாடுவான். அந்தக் குரலோடு கலந்து வரும் எரிபொருள் வாசனை, இப்போது சிங்கப்பூரில் சிராங்கூன் அடுக்குமாடியில் காலைக் காப்பி குடிக்கும்போதுகூடச் சில நாள் வரும்.

எங்கள் தொழிலில் ஆளைக் கொல்வது மின்கம்பி. வெயில் எதிரே அடித்தால் மூக்குக்கு முன்னால் வந்தாலும் தெரியாது. என்னோடு பயிற்சி எடுத்த ஒருவன் அப்படித்தான் போனான். அதனால் தெளிப்பதற்கு முன்பு தோட்டத்தை நடந்தே சுற்றி, கம்பம் எங்கே, கம்பி எங்கே என்று தாளில் வரைந்துகொள்வோம். அந்தச் சனிக்கிழமையும் வரைந்தோம். நடுவிலிருந்த பள்ளத்தில் கம்பி எதுவும் இல்லை. விளிம்பில் நின்று நானே பார்த்தேன்.

மறுநாள் இருவரும் சிங்கப்பூர் வந்து தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டோம். ஞாயிறு மதியம், உட்கார இடமில்லை. நீலச் சட்டை போட்ட ஓர் ஆள், கப்பல் பட்டறைத் தொழிலாளி மாதிரி இருந்தான், எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தான். கையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. நாங்கள் வேலையைப் பற்றி மூச்சுகூட விடவில்லை.

"அண்ணே, நாளைக்குப் பள்ளத்தைத் தாண்டுறப்ப கீழ எறங்காதீங்க. கம்பி இருக்கு."

"எந்தக் கம்பி?"

"பம்பு கொட்டாய்க்குப் போற கம்பி. அது கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தப் பாருங்க."

கோப்பையை வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டான். ஆள் மாறிப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ரசாக்கிடம் அதை மலாயில் எடுத்துச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

திங்கள் காலை கிளம்பும்போது ரசாக், "பாங், முதல்ல உயரமாவே ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றான். வழக்கமான ஜாக்கிரதைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பள்ளத்துக்கு நேராக வந்தேன். சூரியன் சரியாக எதிரே. கீழே எதுவுமே தெரியவில்லை. இறங்கியிருப்பேன், நம்புங்கள், கை தயாராக இருந்தது. அப்போது மட்டைகளுக்குள் புதுக் கம்பம் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு நேரே மறுகரையில் இன்னொன்று. அப்படியே மேலே ஏற்றிவிட்டேன். நான் இறங்கவிருந்த உயரத்தில்தான் கம்பி.

தரையில் இறங்கியதும் பள்ளத்தில் கம்பி இருக்கிறது என்று கத்தினேன். தோட்டத்து மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"பம்போட டீசல் எஞ்சின் படுத்துடுச்சு சார், கரண்ட் மோட்டார் வெச்சோம். நேத்து சாயங்காலம்தான் அவசரமா லைன் இழுத்தோம். சொல்ல மறந்துட்டேன்."

நேற்று சாயங்காலம். அந்த ஆள் என்னிடம் சொன்னது நேற்று மதியம்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு தேக்காவில் அவனைத் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. ரசாக்கும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் திரும்பப் பறக்கத் தைரியம் வராது என்று ஒரு பயம்.

போன மாதம் ரசாக் பேரப்பிள்ளையோடு சிங்கப்பூர் வந்திருந்தான். பழைய நாட்களைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். இடையில் அவனே ஆரம்பித்தான்.

"அன்னைக்கு நம்ம மேசையில உக்காந்த ஆள் சொல்லலைன்னா நீங்க இல்ல, பாங். அதனாலதான் உங்கள உயரமா சுத்தச் சொன்னேன்."

"அவன் தமிழ்ல சொன்னது உனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

ரசாக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"தமிழா? சுத்தமான கிளந்தான் மலாய் பேசினான் பாங். எங்க ஊர் ஆளுங்க பேசற மாதிரியே. என்னைப் பார்த்துத்தான் பேசினான். உங்க பக்கம் திரும்பவே இல்லையே."