குறைவாக அடித்தவனுக்குக் கோப்பை

இந்த வாரமும் ஒருவன் கோப்பையை முத்தமிட்டான். பருவத்தின் கடைசிப் போட்டியாம். ஆண்டு முழுக்க நாடு நாடாகப் போய்ப் புல்வெளியில் பந்தடித்த ஆண்களில் இவன்தான் எல்லோரையும்விடக் குறைவாக அடித்தவனாம். கைதட்டுகிறார்கள். நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். குறைவாக அடித்தவனுக்குக் கோப்பை! எந்த ஊர் நியாயம் இது? ஒரு நாளும் முதுகு வளைத்து வேலை செய்யாதவன் நிழலில் உட்கார்ந்து யோசித்த நியாயம்.

கோல்ஃப் விதிகள் எனக்கு இப்போது தெரியும். தெரிந்துதான் கோபப்படுகிறேன்.

என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அப்படி ஒரு பருவம் ஆடினார். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர், தானா ராத்தா பக்கத்துப் புல்வெளியில் பெரிய மனிதர்களின் பை தூக்கப் போனார். பனி இறங்கினால் அவர்கள் கிளப்புக்குள் போய் எங்கள் தேயிலையையே குடிப்பார்கள். அந்த நேரம்தான் மாமாவின் நேரம். எதிரே கையை நீட்டினால் விரல் தெரியாத வெள்ளையில் பந்தை அடித்துவிட்டு, அது எங்கே விழுகிறது என்று காதால் தேடிப் போவார். அப்படிக் கற்றவர் ஒருநாள் கோலாலம்பூரில் தேர்வு ஆட்டம் ஆடித் தேறி, ஆசியா முழுக்கச் சுற்றும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு நடுவே ஓராண்டுக்கு ஓர் இடம் வாங்கிவிட்டார்.

ஓராண்டுக்குத்தான். பருவம் முடிகிறபோது தேறி நிற்கிறவர்களுக்கே அடுத்த ஆண்டும் இடம். இல்லையென்றால் திரும்பி வந்து முதுகில் மருந்து டின்னைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு மருந்தடிக்க வேண்டியதுதான். இதைப் புறப்படும்போதே அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. விளையாட்டுதான் புரியவில்லை.

புரியாததில் என்ன பிழை? எங்கள் லயத்தில் ஒரு மனிதரின் மதிப்பு சாயங்காலம் தராசில் ஏறி உட்காரும். யாருடைய கொழுந்துச் சாக்கு அதிகம் இழுக்கிறதோ அவர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி பென்சிலை நக்கி, ஈரக்கழிவு, காம்புக்கழிவு என்று குறைத்து எழுதுவார். அதிகம் என்பது எங்கள் கையிலிருந்து வருவது. குறைவு என்பது அவர்கள் எழுதுவது. அம்மா படித்த கணக்கு அவ்வளவுதான். நானும் அதைத்தான் படித்திருந்தேன்.

முதல் செய்தி தோட்டத்து முனைக் கடையின் தொலைபேசியில் வந்தது. கடைக்காரர் குரல் கொடுத்ததும் லயமே ஓடியது. அம்மா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனடா தம்பி?"

மாமா சொன்னதை அம்மா எங்கள் பக்கம் திரும்பி அறிவித்தாள். "எழுபத்தெட்டாம்!"

"முன்னால நிக்கிறவன் எத்தனன்னு கேளுலா!" என்றார் கங்காணி.

"அறுபத்தேழாம்!"

யாரோ பிஸ்கட் டின்னைத் தட்டத் தொடங்கினார்கள். அம்மா சிரித்தபடியே மறுபடி காதில் வைத்தாள். சிரிப்பு மெல்ல வற்றியது. "வெளிய அனுப்பிட்டானுங்களா? ஒன்னையா? அந்த அறுபத்தேழு உள்ள நிக்கிறானா?" கேட்டுக்கொண்டே இருந்தவள் கடை அதிரக் கத்தினாள். "எந்தக் கிராணிடா அங்க நிறுக்கிறான்?"

அடுத்த முறை மாமா விதியைச் சொல்லிப் பார்த்தார். நான் அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்றதால் அவர் குரல் எனக்கும் கேட்டது. "அக்கா, இதுல கொறைச்சு அடிக்கிறவன்தான்க்கா ஜெயிப்பான்."

"யாரு சொன்னது? ஆபீஸ்காரனா?" அம்மா கேட்டாள். "மழையில நனைஞ்ச சாக்குக்குக் கழிவு போட்டானே, அதே வாயிதான்டா இது. நீ ஒழைச்சத ஒன் வாயாலயே கொறைச்சலுன்னு சொல்ல வெச்சிட்டானுங்க பாரு!"

மாமா அதற்குப் பிறகு விளக்கவில்லை. வாரா வாரம் ஓர் எண்ணைச் சொன்னார். எண் பெரிதாக இருந்தால் லயத்தில் தேநீருக்குச் சீனி தாராளமாக விழுந்தது. ஒரு வாரம் தாய்லாந்திலிருந்து கூப்பிட்டபோது அவர் குரல் துள்ளியது. "அக்கா! அறுபத்தொம்பது!"

அம்மா தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். இழவு விழுந்த மாதிரி நின்றோம். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒடம்பு சரியில்லையாடா? நேரத்துக்குச் சாப்பிட்டியா?"

பக்கத்து வீட்டு அத்தை தொலைபேசியைப் பிடுங்கினாள். "கவலப்படாத தம்பி. நாலு முட்ட சாப்புடு. அடுத்த வாரம் எண்பது போட்ரலாம்!"

மறுமுனையில் மாமா சிரித்தார். காசு தீர்ந்து இணைப்பு அறுகிறவரை சிரித்தார். எனக்கோ அழுகை முட்டியது. எட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கோபம் வர முடியுமோ அவ்வளவும் வந்தது. பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் மாமா எல்லோரையும்விட அதிகம் அடிக்கிறார், அதனால்தான் அவரைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டேன் என்கிறார்கள்.

பருவத்தின் கடைசிப் போட்டி கோலாலம்பூரில் வந்தது. மாமாவின் அடுத்த ஆண்டு அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "நேர்ல போயி நியாயம் கேக்கணும்" என்றாள் அம்மா. கோலா தெர்லாவில் கோஸ் தோட்டம் வைத்திருந்த பெரியப்பா லோரியைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். "சந்தையில எறக்க வேண்டிய கோஸு இருக்கு. அதும்மேல ஒக்காந்து நசுக்கிறாதீங்கலா" என்று மட்டும் சொன்னார். கூடைகளுக்கு இடையில் நெருக்கியடித்து, புளிச்சோறும் பொரித்த நெத்திலியும் கட்டிக்கொண்டு நாங்கள் மலையிறங்கினோம். என்னமோ போருக்குப் போவதுபோல் இருந்தது. போர்தான் அது, சந்தேகமென்ன?

அந்தப் புல்லை நான் மறக்கவில்லை. எங்கள் பெண்கள் வருடம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த சரிவுகளைவிட வழவழப்பாக, ஒரு களைகூட இல்லாமல், யாருக்கும் ஒரு வாய்க் கஞ்சி தராத பச்சை. கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் குடையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கூட்டம். நடுவே கோஸ் இலை ஒட்டிய சேலைகளோடு நாங்கள். ஒருவன் பலகையைத் தூக்கிப் பிடித்தான். சத்தம் போடக்கூடாதாம்.

"கோயில்லயே நாங்க வாய மூடுனதில்ல" என்றாள் அத்தை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் பல் நறநறக்கிறது.

அன்று மாமா அடித்த அடி அப்படிப்பட்டது. பந்து அவர் சொல் கேட்டது. மரத்தைத் தாண்டு என்றால் தாண்டியது, நில் என்றால் நின்றது. அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு குழியிலும் அவள் முகம் இருண்டது. எண்ணிக்கை ஏறவே மாட்டேன் என்றது.

"பாத்தீங்களா, பயந்துட்டான்" என்றாள் கங்காணியிடம். "அவனுங்க பேச்சக் கேட்டு அடிய அடக்கி வாசிக்கிறான். எங்கப்பன் ரத்தம் எங்கய்யா போச்சு?"

"சின்னப் பையன்லா" என்றார் கங்காணி. "ஊரே சேந்து மெரட்டுனா என்னா செய்வான்?"

கடைசிக் குழிக்கு வந்தோம். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்தான். அதை உருட்டிவிட்டால் அடுத்த ஆண்டு அவருடையது. இதை நான் அப்போது அறியேன். மாமாவின் நெற்றியில் வேர்வை வழிந்ததும், அவர் ஒருமுறை மண்டியிட்டுப் புல்லைப் பார்த்ததும், எழுந்து குச்சியைப் பிடித்ததும் தெரிந்தன. காற்றுகூட நின்றுவிட்டது. அத்தனை பேர் மூச்சுவிடாமல் நின்ற அந்த அமைதியில் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. தம்பி கண்முன்னே தோற்றுக்கொண்டிருக்கிறான். கயிற்றின் மேல் பாதி உடம்பு சாய்ந்து, தேயிலைச் சரிவின் அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"தம்பி! பயப்படாதடா! அக்கா வந்துட்டேன்! இன்னும் ரெண்டு அடிச்சிட்டுப் போடா!"

பந்து ஏற்கெனவே உருளத் தொடங்கியிருந்தது. குழியின் உதட்டை நக்கிவிட்டு விலகிப் போனது. மாமா அசையவில்லை. பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார். நடந்துபோய் இன்னொரு தரம் மெல்லத் தட்டினார். உள்ளே விழுந்தது. அம்மா கேட்ட இரண்டு.

நாங்கள் போட்ட கூச்சலில் அந்தப் பக்கத்து மரத்திலிருந்து பறவைகள் கிளம்பின. பலகைக்காரன் சிவந்த முகத்தோடு ஓடிவந்து அம்மாவை வெளியே போகச் சொல்லி ஆங்கிலத்தில் கத்தினான். "நிறுக்கிற ஆள வரச் சொல்லுடா மொதல்ல!" என்று அம்மா தமிழில் கத்தினாள். மாமா வந்து நடுவில் நின்றார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவனிடம் மலாய் மொழியில் தாழ்ந்த குரலில் சொன்னார், இவங்க என் அக்கா. பிறகு அம்மாவிடம், "அடிச்சிட்டேன்க்கா, நீ சொன்ன மாதிரியே" என்றார்.

"இப்பத்தான்டா நீ எங்கப்பன் புள்ள" என்று அம்மா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

மாமாவும் எங்களோடு லோரியின் பின்னாலேயே ஏறிக்கொண்டார். கோஸ் இறக்கிய லோரி காலியாகக் கடகடத்தது. மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியது அவர்தான். அத்தை அவரைக் கிண்டல் செய்தாள், அவர் அத்தையைக் கிண்டல் செய்தார், புளிச்சோற்றின் கடைசி உருண்டையை எனக்கு ஊட்டினார். அநியாயக்காரர்களின் முகத்தில் கரி பூசிவிட்டு ஊர் திரும்புகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலை ஏறத் தொடங்கியதும் மாமாவின் பாட்டு நின்றது. லோரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டியபடி நின்றார். ஒவ்வொரு வளைவிலும் அவர் தோள் குலுங்கியது. டவுன் பிள்ளைகள் இந்தப் பாதையில் வாந்தி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, பையிலிருந்த புளிப்பு மிட்டாயை நீட்டினேன். முகத்தைத் திருப்பாமலே வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, என் தலையில் கை வைத்தார். சரியாகிவிடும் மாமா, கொஞ்ச தூரம்தான் என்றேன்.

இந்த வளைவுகளிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு மலைப்பாதை எப்போது குமட்டியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.