முருகன் கொடுத்த மஞ்சள் பல்பு

"தம்பி, நீ போட்டுட்டுப் போன லைட்டு என் குஞ்சுங்களக் கொல்லுது. உடனே வா!"

காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது வந்த போன் அது. பேசியவர் பத்மா அக்கா. வயர்மேன் வேலையில் எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். ஷாக் அடிக்கிறது என்பார்கள், பிளக் கருகிவிட்டது என்பார்கள். லைட்டு கொலை செய்கிறது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ரொட்டி சானாயை அப்படியே வைத்துவிட்டு வேனை எடுத்தேன்.

ஒரு நிரையும் விடாத மண்டோர்

முந்தின நாள்தான் அவர்கள் வீட்டில் பழைய விளக்குகளை எல்லாம் கழற்றி எல்இடி போட்டுக் கொடுத்திருந்தேன். கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பல காலம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர் அக்காவின் கணவர் மாணிக்கம் அண்ணன். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்தும் மண்டோர்தனம் அவரை விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் ஏணியோடு பின்னால் போனேன்.

"அடுத்தது! நெரையில ஒரு மரம் விட்டாலும் எனக்குப் புடிக்காது, தெரியும்ல?"

ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேலை நின்றது. சாமி அறையில் முருகன் படத்துக்கு மேலே பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்று இருந்தது. உள்ளே கம்பி சிவந்து எரியும் ரகம். நான் ஏணியை வைத்ததுமே அக்கா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"இதுல கை வைக்காத. வெள்ள லைட்டு போட்டா முருகன் கிளினிக்ல ஒக்காந்த மாதிரி இருப்பாரு."

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. வாங்கிய எல்இடியில் ஒன்று அவர் கையில் மிச்சமாகிவிட்டது. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

சூடு இல்லாத வெளிச்சம்

நான் போய்ச் சேர்ந்தபோது, பின்கட்டில் ஓர் அட்டைப் பெட்டியைச் சுற்றி இரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். உள்ளே பொரித்துச் சில நாளே ஆன நாட்டுக்கோழிக் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. தாய்க்கோழியை உடும்பு தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, பெட்டிக்குள் தொங்கவிட்ட குண்டு பல்பின் சூட்டில்தான் அக்கா அவற்றை வளர்த்துவந்தாராம். இப்போது அந்த இடத்தில், நான் போன பிறகு அண்ணன் மாட்டிய அந்த மிச்ச எல்இடி எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பிரமாதம். சூடுதான் இல்லை. வெளியே விடாத மழை வேறு.

"பழைய பல்பு எங்கண்ணே?"

"கழட்டுறப்ப கையச் சுட்டுருச்சுப்பா. ஒதறுனேன், ஒடஞ்சிருச்சு."

"கையச் சுட்டப்பவாச்சும், சூடு எதுக்குன்னு ரோசன வர வேணாமா?" என்று அக்கா பாய்ந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருந்தார். அது ஆறிக்கொண்டே வந்தது. ஓரத்தில் ஒரு குஞ்சு கத்துவதைக்கூட நிறுத்திவிட்டது.

டவுனில் எனக்குப் பழக்கமான ஹார்ட்வேர் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரத் தவுக்கே சிரித்தார். "அந்த லைட்டு இப்ப எங்க இருக்கு லா? மியூசியத்துல கேளு."

புஞ்சாக் ஆலாமில் பிராணிகள் விற்கும் கடையில் சூட்டு விளக்கு கிடைக்கும். ஆனால் கடை திறக்க நேரமாகும், குஞ்சுகள் அதுவரை தாங்காது.

அக்கா சட்டென்று எழுந்து சாமி அறைக்குப் போனார். சுவிட்சை அணைத்தார், கும்பிட்டார்.

"முருகா, ஒனக்கு வெளிச்சம் இருந்தா போதும். அதுங்களுக்குச் சூடு வேணும். கோச்சுக்காத." என் பக்கம் திரும்பி, "கழட்டு தம்பி" என்றார்.

கழற்றிக் கொண்டுபோய்ப் பெட்டியில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் கூச்சல் அடங்கியது. ஏறிக் கிடந்தவை பிரிந்து பரவலாகப் படுத்தன. ஓரத்தில் கிடந்ததை அக்கா எடுத்துப் பல்புக்கு அடியில் வைத்து, தடவிக்கொடுத்தபடியே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து அது தலையைத் தூக்கி அவர் விரலையே கொத்தியது. அக்கா சிரித்தார், அழவும் செய்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வேனில் மஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி ஒன்று இருந்தது. அதை முருகனுக்குப் போட்டேன். வேல் பழையபடி பொன்னாக மின்னியது.

"இத நேத்தே போட்டிருக்கலாம்ல?" என்றார் அக்கா.

"நீங்க எங்கக்கா கை வைக்க விட்டீங்க?"

மாணிக்கம் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். முருகனை அண்ணாந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"அப்ப வீட்டுக்குள்ள ஒன்னு விடாம மாத்தியாச்சு!"

அக்கா விளக்குமாற்றைத் தேடினார். அண்ணன் அந்த வயதிலும் நன்றாகவே ஓடினார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பல்பைக் கழற்றும் முன், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நான் இப்போது, "இது வெளிச்சத்துக்கா, சூட்டுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏணியை விரிக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அன்றைக்கு ஓரத்தில் கிடந்த குஞ்சு இன்று பெரிய சேவல். யார் வந்தாலும் சும்மா இருக்கிறது. என் வேன் சத்தம் கேட்டால் மட்டும் வாசல் கேட்டுக்கே வந்து விரட்டுகிறது. பெட்டியில் அந்த லைட்டைப் போட்டது நானில்லை, மண்டோர்தான் என்று அதற்கு யார் சொல்வது?